பிரதிகள் பெருகட்டும்

மொன்றியல் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் வட்டாரத்தில், இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் வந்து குடியேறிய கிரேக்கர்களும், 1983-ஆம் ஆண்டின் இனக்கலவரத்தை அடுத்து ஈழத்திலிருந்து வந்த தமிழர்களும் ஒரே வீதிகளில் வாழ்ந்து வந்திருக்கிறார்கள். இரு சாராரும் புராதன மொழிகளின் வாரிசுகளே. ஆயினும் முன்னோர் கைப்பட எழுதி வைத்தவற்றைக் காக்கும் விஷயத்தில் கிரேக்க மொழியின் சரித்திரம் புகட்டும் பாடத்தை நாம் இன்னும் முழுமையாகக் கற்றுக்கொள்ளவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

கிறிஸ்தவ வேதத்தின் புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் இயற்றப்பட்டது. பைசாந்திய சாம்ராஜ்யத்தில் ஒன்பதாம் நூற்றாண்டு முதல், பேரெழுத்துக்களைத் தனித்தனியே வரையும் வழக்கம் குறைந்து, எழுத்துக்களை இணைத்து விரைந்தெழுதும் முறை பரவவே, பதனிட்ட தோலின் மீது மடாலயத் துறவிகள் பலர், தம் பெயரைக்கூடக் குறியாமல், அவ்வேதத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பிரதி செய்து வந்தார்கள். 1453-இல் கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்தபோது அந்நூல் உடன் அழியாமற்போனதற்குக் காரணம் கோட்டை மதில்கள் அல்ல. சீனாய், அதோஸ், இத்தாலி எனப் பல தேசங்களில் அதன் பிரதிகள் ஏற்கெனவே சிதறிக் கிடந்தமையே. எல்லாக் காலத்தவற்றையும் சேர்த்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கிரேக்கப் பிரதிகள் இன்று பட்டியலில் இடம்பெற்றுள்ளன.

ஒரே பிரதியை நம்புவதால் விளையும் தீங்குக்கும் இவ்வேதமே சாட்சி. 1516-இல் பாசெல் நகரில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய எராஸ்முஸ், வெளிப்படுத்தின விசேஷத்திற்கு இரவல் வாங்கிய பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பிரதி ஒன்றையே ஆதாரமாகக் கொண்டார். அதில் கடைசி ஏடு இல்லாதிருந்தமையால், இறுதி வசனங்களை லத்தீனிலிருந்து தாமே கிரேக்கமாக்கிச் சேர்த்தார். அதன் விளைவாக, கிரேக்கப் பிரதிகளில் ஜீவவிருட்சம் என்றிருக்கும் ஓரிடத்தில் ஜீவபுஸ்தகம் என்பது புகுந்து, அச்சுப் பதிப்புகளின் வழியே நம் பழைய தமிழ் வேதாகமத்திலும் நிலைபெற்றுவிட்டது. பிழையைக் காட்டிக்கொடுத்தவை வேறிடங்களில் பிழைத்திருந்த ஏனைய பிரதிகளே.

தமிழர் அடைந்த நஷ்டமோ இதனினும் கொடியது. 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்களோடு, மறுபிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அந்தத் தீயை மூட்டியவர்களின் பாதகத்தை எக்காலத்தும் மன்னிக்க இயலாது. எனினும், ஒரு நூலின் உயிரை ஒரே கட்டடத்தில் ஒப்படைத்து வைப்பது எத்துணை அபாயம் என்பதையும் நாம் மறத்தலாகாது. 2005 முதல் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்பிரதிகளாக்கி யாவரும் படிக்க வைத்திருப்பது, அத்துறவிகள் செய்த திருப்பணிக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

ஆதலின், புலம்பெயர்ந்தோர் இல்லங்களில் இருக்கும் சுவடி, கையெழுத்து நோட்டு, திருமண அழைப்பிதழ், கோயில் மலர் ஆகியவற்றைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துப் பெருமை கொள்ளாமல், ஒவ்வொன்றையும் படம் பிடித்து, குறைந்தது இரண்டு தேசங்களின் நூலகங்களுக்கு அளித்தல் வேண்டும். தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்குவதும், மக்கில் பல்கலைக்கழகம் போன்ற கல்விக் கழகங்களின் நூலகத்தாரை அணுகி உதவி கோருவதும் இன்றே தொடங்கத்தக்க காரியங்கள். மூலத்தை உடையவர் அதன் உரிமையாளராயிருக்கலாம். அதைப் பிரதி செய்து பரப்புகிறவரே அதன் மெய்யான பாதுகாவலர்.