சாவி யார் கையில்?

'இணைப்பு பாதுகாப்பானது' என்று ஒரு சின்னப் பூட்டைக் காட்டுகிறது செல்போன். பார்த்ததும் நம் தோழர்களுக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் சந்தேகியுங்கள் என்கிறேன். பூட்டு இருக்கு, சரி. சாவி யார் கையில இருக்கு? இதைக் கேட்க விடாத பாதுகாப்பு, அதிகாரம் நமக்குப் பாடுகிற தாலாட்டு.

ஜாபர் என்கிற உடனடிச் செய்தி முறை 1999இல் வந்தது. எக்ஸ்எம்பிபி என்பது அதன் தொழில்நுட்பப் பெயர். எல்லோரும் ஒரே முதலாளியின் பட்டியில் அடைபட வேண்டாம், யாரும் சொந்தமாக ஒரு சர்வர் வைத்து மற்ற சர்வர்களோடு பேசலாம் என்பது அதன் ஜனநாயகம். ஆனால் சர்வருக்கும் சர்வருக்கும் நடுவே பல செய்திகள் தபால் அட்டை மாதிரி திறந்தே போய்க்கொண்டிருந்தன. 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் அமெரிக்க உளவு ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார். அதன்பின் சர்வர் நடத்தும் பலர் உறுதியெடுத்து, 2014 மே 19 முதல் குறியாக்கம் இல்லாத இணைப்புகளை மறுத்தார்கள். கூகுளின் அரட்டைச் சேவை சர்வர்களுக்கிடையே குறியாக்கத்துக்கு வரவில்லை. அதோடு தொடர்பு அறுந்தாலும் பரவாயில்லை என்றார்கள். மதிக்க வேண்டிய முடிவு.

அது போதுமா? போதாது.

ஜாபர் டாட் ஆர்யூ என்பது ரஷ்யர்களின் பழைய சேவை. அதன் சர்வர்கள் ஜெர்மனியில், ஹெட்ஸ்னர், லினோட் நிறுவனங்களிடம் வாடகைக்கு இருந்தன. 2023 அக்டோபரில் ஒருவர் இணையப் போனால் 'சான்றிதழ் காலாவதி' என்று வருகிறது. சர்வரைத் திறந்து பார்த்தால் அங்கே காலாவதியான சான்றிதழே இல்லை! 5222ஆம் போர்ட்டுக்கு வந்த இணைப்புகளை எவரோ நடுவழியில் வாங்கி, பிரித்து, மறுபடி பூட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதற்கான சான்றிதழ்கள் ஏப்ரல் 18 முதலே எடுக்கப்பட்டிருந்தன. அதில் ஒன்றைப் புதுப்பிக்காமல் விட்டதால்தான் குட்டு உடைந்தது. அரசு சொல்லி நடந்த ஒட்டுக்கேட்பாகவே இருக்க வேண்டும் என்பது சேவையை நடத்தியவர்கள் வந்த முடிவு.

எப்படி நடந்தது? சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட், 'இந்த முகவரி உன் கையில் இருக்கிறதா' என்று மட்டும் சோதிக்கும். பாதையையே கையில் வைத்திருப்பவனுக்கு அந்தச் சோதனையில் தேறுவதா கஷ்டம்?

நான் வங்கிக் குமாஸ்தா. காசோலை வந்தால் எங்களிடம் இருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவோம். கொண்டுவந்தவரிடமே 'இது சரியான கையெழுத்துதானே' என்று கேட்க மாட்டோம். பண அறைக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் சேர்ந்தால்தான் திறக்கும். காசுக்கு இத்தனை சந்தேகம். மனுசன் பேச்சுக்கு மட்டும் எதுக்குக் கண்மூடித்தனமான நம்பிக்கை?

'ஒளிக்கிறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு' என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்ல வருகிறவர்களின் பெயர் இருக்கிறது. நாளைக்கு எந்த ஊரில் கூடுகிறோம் என்பது இருக்கிறது. எது குற்றம் என்பதைப் பேசுகிறவன் தீர்மானிப்பதில்லை, ஒட்டுக்கேட்கிறவன் தீர்மானிக்கிறான். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள், உத்தரவு வந்தால் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைப் பெரிய செய்திச் சேவைகள் காட்டித்தர வேண்டும் என்கின்றன. இதற்குப் பிறகும் ஒளிக்க ஒன்றுமில்லையா?

இணைப்புக் குறியாக்கம் பாதையைத்தான் மூடும். சர்வருக்குள் செய்தி திறந்து கிடக்கும். ஆகவே அதற்கு மேல் ஒமேமோ, ஓடிஆர் போன்ற முனைக்கு முனை குறியாக்கம் வேண்டும். ரஷ்யச் சேவையிலும், அப்படிப் பூட்டி, ஒருவர் சாவியை இன்னொருவர் சரிபார்த்தும் இருந்தவர்களின் பேச்சு தப்பியது. யார் யாரோடு பேசினார்கள் என்பது மட்டும் தப்பவில்லை. அதையும் மறக்காதீர்கள்.

சர்வர் நடத்தும் தோழர்களே, உங்கள் பெயரில் யார் சான்றிதழ் வாங்குகிறார்கள் என்பதைப் பொதுப் பதிவேடுகளில் தொடர்ந்து பாருங்கள். உங்கள் கணக்குக்குத் தவிர வேறு யாருக்கும் தரக் கூடாது என்று டொமைன் பதிவில் எழுதி வையுங்கள். மாணவத் தோழர்களே, அடுத்த கூட்டத்தில் நேரில் உட்கார்ந்து, போனில் வரும் சாவி எண்ணை ஒருவருக்கொருவர் வாய்விட்டுப் படித்து ஒப்பிடுங்கள். ஐந்து நிமிச வேலை.

பூட்டைக் கும்பிட வேண்டாம். சாவியைக் கேளுங்கள்.