அந்த நரம்புக்கு வழி சொன்னது யார்?



போன வாரம் மருமகளின் ஸ்கேன் படம் வாட்ஸப்பில் வந்தது. துளியூண்டு கை. பார்த்ததும் பல வருஷத்துக்கு முந்தைய ஏழாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. கரும்பலகையில் தண்டுவடத்திலிருந்து கைக்கு நரம்பு வரைந்துகொண்டிருந்தேன். ஒருவன் எழுந்தான். "டீச்சர், முதல்ல வளரும்போது கைக்குப் போற வழி இதுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லாமல், "பரீட்சைக்கு வராததைக் கேட்காதே, உட்கார்" என்றேன். வகுப்பே சிரித்தது. அப்புறம் அவன் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

ஓய்வுக்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். வீட்டு ஒயரிங் மாதிரி என்று நான் நடத்தியது தப்பு. ஒயரை இழுக்க எலக்ட்ரீஷியன் இருக்கிறார். இங்கே யாருமில்லை. நரம்பிழையே நுனியை விரல்போல விரித்து, தடவிப் பார்த்தபடி ஊர்கிறது. 1890இல் கோழிக் கருவில் அந்த நுனியைக் கண்டு சொன்னவர் ஸ்பெயின் நாட்டு கஹால். வழியில் சில ரசாயனங்கள் 'வா' என்கின்றன, சில 'வராதே' என்று விரட்டுகின்றன.

அமெரிக்காவில் லான்ஸ்-ஜோன்ஸ், லாண்ட்மெஸ்ஸர் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். முட்டைக்குள் இருக்கும் கோழிக் கருவில், நரம்பு கிளம்பும் முன்பே, தண்டுவடத்தில் சிறு பகுதியை எடுத்து முன்பின்னாகத் திருப்பி வைத்தார்கள். இழைகள் இடம் மாறிப் புறப்பட்டன. ஆனாலும் குறுக்கே கடந்து, காலில் தங்களுக்குரிய தசைக்கே போய்ச் சேர்ந்தன! ரொம்பத் தூரம் தள்ளி வைத்தபோதுதான் தடுமாறி வேறு தசைக்குப் போயின. இது 1980, 81இல் வெளிவந்தது. அவன் கேட்டபோதே பாதி விடை உலகத்தில் இருந்திருக்கிறது. என்னிடம்தான் இல்லை.

என் கருத்து இதுதான். நம் பாடப்புத்தகம் முடிந்துபோன படத்தை மட்டுமே காட்டுகிறது. அது எப்படி உருவானது என்பதைத்தான் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆசிரியர் பயிற்சியில் எனக்குப் பாடக்குறிப்பு எழுதவும் சார்ட் போடவும் சொல்லிக் கொடுத்தார்கள். "தெரியலப்பா, பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லப் பழக்கவில்லை. அதற்கும் ஒரு வகுப்பு வைக்க வேண்டும். சிலபஸ் முடிக்கவே நேரமில்லை என்பீர்கள், உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள். அந்த ஒரு வரிக்கு அரை நிமிஷம் ஆகாது.

கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவனே, இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுது. டீச்சர் பதிலோடு காத்திருக்கிறேன், ரொம்பத் தாமதமாக.