வெண்ணெய் உருண்டையும் கள்ளக்காய்ச் சட்னியும்



சென்ற மாதம் அரூரிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். கணவருக்கு ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு கூடுதலாக வந்திருக்கிறது. வெண்ணெய், நெய்யைக் குறைக்கச் சொல்லிவிட்டார் மருத்துவர். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு பேர். காலையில் வேன் வருவதற்குள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கையில் கொடுத்தால்தான் ஏதோ வயிற்றுக்குள் போகிறது. கடைக்காரரிடம் கேட்டதற்கு அவர் தாவர எண்ணெயில் செய்த மார்ஜரின் டப்பா ஒன்றை எடுத்துக் கொடுத்து, “வெண்ணெய்க்குப் பதிலா இதைத் தடவுங்க அக்கா, இதுல கொலஸ்ட்ராலே கிடையாது” என்றாராம். “வெண்ணெயா, டப்பாவா? தாளிக்க எதை ஊற்றுவது? வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாகச் சமைக்க முடியுமா?” என்று கேட்டிருந்தார்.

ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கடிதம் என்னைப் பென்னாகரம் பக்கத்தில் எங்கள் ஆயா வீட்டுத் திண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

ஆயா விடியற்காலையில்தான் தயிர் கடைவார். வெயில் ஏறிவிட்டால் வெண்ணெய் இளகி, திரளாமல் மோரோடு மோராகப் போய்விடும் என்பார். தூணில் கட்டிய கயிறு மத்தைச் சுற்றியிருக்கும். வலது கை இழுக்கும்போது இடது கை விட்டுக் கொடுக்கும். முதலில் சளசளவென்று கேட்கிற சத்தம் போகப் போகக் கனத்துவிடும். அப்போது ஒரு சொம்பு குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவார். மத்தைத் தூக்கினால் அதன் பல்லில் எல்லாம் வெள்ளைக் குருணையாக ஒட்டியிருக்கும். கையை நனைத்துக்கொண்டு வழித்து உருட்டுவார். எருமைத் தயிர் என்பதால் மஞ்சளே இல்லாத வெள்ளை வெண்ணெய். எலுமிச்சம்பழம் அளவு உருண்டையிலிருந்து சுண்டைக்காய் அளவு கிள்ளி, “இந்தா கண்ணு” என்று என் உள்ளங்கையில் வைப்பார். அன்றைக்கு என் பங்கு அவ்வளவுதான்.

மிச்சமெல்லாம் தண்ணீரில் மிதந்து, வாரக் கடைசியில் நெய்யாகும். இறக்கப் போகிற நேரத்தில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை போடுவார். மொறுமொறுத்த இலையும் அடியில் நிற்கிற கசண்டும் பேரப்பிள்ளைகளுக்கு. நெய் தூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒப்பிட்டு (போளி) சுடுகிற நாளிலும் விருந்தாளி வந்தாலும்தான் இறங்கும். அன்றாடம் ராகிக் களிக்குத் தொட்டுக்கொண்டது வேறு: அம்மியில் அரைத்த கள்ளக்காய் (நிலக்கடலை) சட்னி, கொள்ளுத் துவையல், கீரைக் கடைசல். மழைக் காலத்தில் எள்ளுப்பொடி.

கொஞ்சம் கணக்குப் போட்டால் ஆயாவின் கைச்சிக்கனம் ஏன் என்று புரிகிறது. 4 சதவீதம் கொழுப்புள்ள பால் ஒரு லிட்டரில் சுமார் 40 கிராம் கொழுப்பு. அதை ஒரு துளி விடாமல் கடைந்தெடுத்தாலும் 50 கிராம் வெண்ணெய்தான். எருமைப் பாலில் இன்னும் கொஞ்சம் கூடக் கிடைக்கும். இந்த மண்ணின் ஆலம்பாடி மாடு ஏருக்கும் பாரத்துக்கும் பேர் போனது. கன்று குடித்தது போகக் கறக்கிற பால் கொஞ்சம். ஐம்பது கிராம் வெண்ணெய்க்கு ஒரு லிட்டர் பாலும், தோள் வலிக்க ஒரு மணி நேரமும் வேண்டியிருந்தது. அந்த உழைப்பே அளவாகவும் இருந்தது.

பிறகு ஊருக்கு ஊர் பால் சொசைட்டி வந்தது. கலப்பின மாடு வந்தது. காலையும் மாலையும் கேனோடு போய் நின்றால் பாலைச் சோதித்து, கொழுப்பு எவ்வளவு, இதர சத்து எவ்வளவு என்று பார்த்து விலை போடுகிறார்கள். எத்தனையோ பெண்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்தக் காசில்தான். அதைக் குறைவாகப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் கொழுப்புக்கும் விலை உண்டு என்பதால், வீட்டு வெண்ணெய் கேனில் ஏறிப் போய்விட்டது. தயிர்ப்பானையும் மத்தும் பரணுக்குப் போயின. பல வருடம் கழித்து அதே வெண்ணெய் கடைக் குளிர்பெட்டியிலிருந்து அட்டைப்பெட்டியில் நம் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, கடைகிற வேலையும் இல்லை, சுண்டைக்காய் அளவும் இல்லை. கத்தி நுனி வழித்ததெல்லாம் ரொட்டிக்கு.

மருத்துவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வெண்ணெயில் 80 சதவீதம் கொழுப்பு; மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். 100 கிராம் வெண்ணெயில் ஏறக்குறைய 50 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுகிற வகை. நாள் முழுவதும் சாப்பிடுகிறதில் கிடைக்கும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த வகைக் கொழுப்பிலிருந்து வரக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது சுமார் 22 கிராம். இரண்டு ரொட்டித் துண்டுக்குத் தாராளமாக 30 கிராம் வெண்ணெய் தடவினால் 15 கிராம் காலையிலேயே போய்விடுகிறது. காபியில் உள்ள பால், மத்தியானத் தயிர், சாயங்கால வடை எல்லாம் இனிமேல்தான் வர வேண்டும்.

அப்படியானால் டப்பாதான் சரியா? இங்கேதான் நாம் ஒருமுறை ஏமாந்திருக்கிறோம். 1937-இல் டால்டா என்ற வனஸ்பதி இந்தியாவுக்கு வந்தது. தாவர எண்ணெயில் நிக்கல் வினையூக்கியைப் போட்டு, சூட்டிலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜனைச் செலுத்தினால் எண்ணெய் கெட்டிப்பட்டு நெய் மாதிரி உறைந்துவிடும். நெய் வாங்க முடியாத வீடுகளுக்கு மஞ்சள் டப்பாவும் அதன் மேல் இருந்த பச்சை மரமும் பெரிய ஆறுதல். கல்யாணப் பலகாரமே அதில்தான். நெய்யில் அதைக் கலந்து விற்பவர்களைப் பிடிப்பதற்காக, வனஸ்பதியில் 5 சதவீதமாவது நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று அரசு விதி வைத்தது. நல்லெண்ணெய் இருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃப்யூராலும் விட்டுக் குலுக்கும்போது இளஞ்சிவப்பு நிறம் வந்து காட்டிக் கொடுத்துவிடும். நம் எள் சாட்சிக் கூண்டில் ஏறி நின்ற கதை இது. எனக்குப் பிடித்த கதை.

டால்டாவிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. தாவர எண்ணெய் எதிலுமே கிடையாது. அதனால் டப்பாவில் அந்த ஒரு வரியைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். எண்ணெயை அரைகுறையாகக் கெட்டிப்படுத்தும்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவதோடு நல்லதையும் இறக்கிவிடுகிறது என்று 1990-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மென்சிங்கும் கட்டானும் காட்டினார்கள். அதுவரை இதயத்துக்கு நல்லது என்று வெண்ணெயை விட்டு மார்ஜரினுக்கு மாறியிருந்த உலகம் திடுக்கிட்டது. நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்தக் கொழுப்புக்கான வரம்பை 2021-இல் 3 சதவீதமாகவும், 2022 ஜனவரி முதல் 2 சதவீதமாகவும் இறக்கியது. ஆக, இன்றைய டப்பா அன்றைய டால்டா அல்ல. இதை வாசகிக்கு ஆறுதலாகவே சொல்கிறேன்.

ஆனாலும் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் ‘சாச்சுரேட்டட் ஃபேட்’ என்ற வரியை வெண்ணெய்ப் பெட்டியில் உள்ள அதே வரியோடு ஒப்பிடுங்கள். பாதிக்கும் கீழே இருந்தால் மாறியதில் பொருள் உண்டு. பாமாயில் அதிகம் போட்டதென்றால் வித்தியாசம் சுருங்கிவிடும். உப்பையும் பாருங்கள், தடவுகிற வெண்ணெய், டப்பா இரண்டிலுமே பெரும்பாலும் உப்பு உண்டு, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது முக்கியம். கொழுப்பு குறைந்த வகைகளில் தண்ணீர் அதிகம். அதைத் தோசைக்கல்லில் போட்டால் தெறிக்கும், தாளிக்க உதவாது. வெண்ணெய்க்குப் பதிலாக ஜாமை வழித்துத் தடவுவதை நான் சொல்லவே மாட்டேன். கொழுப்பை எடுத்துவிட்டுச் சர்க்கரையை வைத்தால் இதயத்துக்கு லாபம் எதுவும் இல்லை.

வெண்ணெயைக் குறைக்க ஊரே சேர்ந்து முயன்ற கதை ஒன்று சொல்கிறேன். பின்லாந்தில் வட கரேலியா என்று ஒரு மாகாணம். மாடும் காடுமான ஊர். ரொட்டியில் வெண்ணெயைக் கனமாகப் பூசிச் சாப்பிட்ட மக்கள். நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். 1972-இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில் ஊர் ஊராக வேலை தொடங்கியது. வெண்ணெயைக் குறையுங்கள், தாவர எண்ணெய்க்கு மாறுங்கள், புகையை விடுங்கள், காய்கறி சாப்பிடுங்கள் என்று பெண்கள் சங்கங்களின் வழியாகவும் கொண்டுபோனார்கள். பால் மாட்டை நம்பிப் பிழைக்கிறவர்களிடம் போய் வெண்ணெயைக் குறை என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். அங்கே காட்டுப் பழங்கள் பயிரிடுவதற்கும் எண்ணெய் வித்துக்கும் வழி செய்து கொடுத்து விவசாயிகளையும் கூடவே அழைத்துப் போனார்கள். நாற்பது வருடத்துக்குள் அந்த வயது ஆண்களின் இதய நோய்ச் சாவு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

அவர்கள் புதிதாகக் கற்றுக்கொண்டதில் பாதி நம் ஆயாக்களின் அடுப்படியில் ஏற்கெனவே இருந்தது. இதைத்தான் இந்தப் பக்கத்தில் உங்களிடம் சொல்ல நினைத்தேன். நமக்கென்று தடவுகிற பொருள் ஒன்று இல்லாமல் இல்லை. மானாவாரிக் காட்டில் விளைகிற கடலைக்காயே அது.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்து பார்த்தேன். கால் கிலோ நிலக்கடலைப் பருப்பைச் சின்னத் தீயில் வறுத்து, முறத்தில் தேய்த்துத் தோலை ஊதிவிட்டு, ஆறியதும் மிக்ஸியில் போட்டேன். முதலில் பொடியானது. பிறகு ஓரத்தில் அடையாக ஒட்டிக்கொண்டு சுற்ற மறுத்தது. இங்கேதான் பலர் எண்ணெய் ஊற்றிவிடுகிறார்கள். வேண்டாம். ஜாரைத் திறந்து வழித்துவிட்டு, சூடேறாமல் இரண்டு நிமிடம் ஓய்வு கொடுத்து மறுபடி ஓட்டினால், கடலையே தன் எண்ணெயை விட ஆரம்பிக்கிறது. நான்காவது தடவை பளபளவென்று இட்லி மாவு பதத்தில் இறங்கியது. ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கரண்டி பொடித்த வெல்லம். வேறொன்றும் இல்லை. ஒரு கரண்டி வெண்ணெயில் எட்டு கிராம் நிறைவுற்ற கொழுப்பு என்றால், ஒரு கரண்டி கடலை விழுதில் இரண்டு கிராமைத் தாண்டாது. புரதம் வேறு நான்கு கிராம். கலோரி மட்டும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே இதையும் கரண்டியால் அளந்துதான் தடவ வேண்டும். பூஞ்சணம் பிடித்த, சுருங்கிய, கசக்கிற பருப்பைக் கண்டிப்பாகப் பொறுக்கி எறியுங்கள். அந்தப் பூஞ்சை விடுகிற நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. மாட்டுக்கும் போடாதீர்கள், பாலில் வந்து சேரும்.

சமையலுக்கு வருகிறேன். தாளிக்க வெண்ணெய் வேண்டாம். அதிலுள்ள பால் சத்து சீக்கிரம் கருகிவிடும். நெய் சூடு தாங்கும், ஆனால் அது வெண்ணெயின் கொழுப்பேதான், இன்னும் அடர்த்தியாக. கடலை எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்குள். நல்லெண்ணெயில் அதைவிடக் குறைவு. ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிற பாமாயிலில் ஏறக்குறைய பாதி. அந்தப் பாமாயிலை நம்பித்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது, அவர்களிடம் செக்கு எண்ணெய் வாங்குங்கள் என்று எழுத எனக்குக் கை வராது. பாமாயிலைக் கூட்டு பொரியலுக்கு அளவாக வைத்துக்கொண்டு, கடலையும் எள்ளும் கொள்ளும் சட்னியாகவும் துவையலாகவும் தட்டில் வரட்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் எண்ணெயைக் குறைத்து, எண்ணெய் வித்து, பருப்பு, சிறுதானியம் என்று பலவற்றிலிருந்தும் நல்ல கொழுப்பைப் பெறச் சொல்கிறது. ராகியும் சாமையும் கொள்ளும் விளைகிற மாவட்டத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதை மட்டும் எந்த வீட்டிலும் விட்டுவிட வேண்டும்.

அரூர் சகோதரிக்கு: உங்கள் கணவருக்கு மருத்துவர் சொன்னபடியே நடக்கட்டும். அவருக்கு ரொட்டியிலும் களியிலும் கடலை. பேக்கரி பப்ஸையும் கிரீம் கேக்கையும் அவர் முதலில் நிறுத்தட்டும், வீட்டு வெண்ணெயைப் பற்றிப் பிறகு பேசலாம். ஓடியாடுகிற பிள்ளைகள் ஒரு சின்னக் கரண்டி வெண்ணெய்க்குப் பயப்பட வேண்டியதில்லை. நல்ல வெண்ணெயாக, அன்றாடம் இல்லாமல், ருசிக்காகக் கொடுங்கள். மற்ற நாளில் கடலை. வீட்டுக்கு ஒரே சமையல் போதும்.

அடுத்த இதழில் துவையல்களுக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். காரிமங்கலம், பாலக்கோடு, பாப்பிரெட்டிப்பட்டி, சித்தேரி மலை என்று எந்தப் பக்கத்தில் இருந்தாலும் உங்கள் வீட்டில் எள்ளையும் கொள்ளையும் கடலையையும் எப்படி அரைக்கிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். அம்மியில் அரைப்பவர்கள் எத்தனை மிளகாய் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். ஆயாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்ட அளவு அது.

அன்புடன்,
ஆசிரியர்