பிள்ளைகளைக் கூண்டில் ஏற்றாதீர்!



சென்ற மாதக் கடைசியில் நம் சங்க அலுவலகத்துக்கு ஒரு தாய் வந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைக்குப் பிழைக்க வந்த முஸ்லிம் குடும்பம். ஆறாம் வகுப்பு படிக்கும் மகன் பள்ளிக்குப் போக மறுக்கிறான் என்று கண் கலங்கினார்.

நடந்தது இதுதான். நவம்பர் 26 நினைவு நாளன்று, 2008 தாக்குதலைப் பற்றி ஆசிரியர் வகுப்பில் பேசியிருக்கிறார். பேசி முடித்ததும் ஒரு மாணவன் அந்தப் பையனைப் பார்த்து 'கசாப்' என்று கூப்பிட்டிருக்கிறான். வகுப்பே சிரித்திருக்கிறது. ஆசிரியர் காதில் விழாததுபோல் புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டாராம்.

கூப்பிட்டவன் யார் தெரியுமா? அவனும் நம் தமிழ்ப் பிள்ளைதான். அதே சந்தில் குடியிருப்பவன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

இந்த வலி நமக்குப் புதிதா? 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். விடுமுறை முடிந்து ஜூனில் பள்ளி திறந்தபோது, இதை எழுதுகிறவன் மும்பையில் ஐந்தாம் வகுப்பு மாணவன். "உங்கள் ஆட்கள்தானே கொன்றார்கள்?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் கேட்டான். ஈழம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. செய்தி வந்த அன்று எங்கள் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கேட்டவன்மீது இன்று எனக்குக் கோபமில்லை. கேட்டுக்கொண்டே நின்ற ஆசிரியரின் மௌனத்தைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

அப்படியானால் பயங்கரவாதத்தைப் பற்றி வகுப்பில் பேசவே கூடாதா? பேசத்தான் வேண்டும். ஆசிரியர் பேசாவிட்டால் கைப்பேசியில் வரும் வதந்தி பிள்ளைகளுக்குப் பாடமாகிவிடும். ஆனால் பேசினால் முழுவதையும் பேச வேண்டும்.

2008 தாக்குதலில் 166 பேர் மாண்டார்கள். சி.எஸ்.டி. நிலையத்தில் குண்டடிபட்டு விழுந்த ஏழை எளியவர்களில் முஸ்லிம்களும் பலர். சுட்டு வீழ்த்தப்பட்ட ஒன்பது கொலைகாரர்களையும் தங்கள் கபரஸ்தானில் அடக்க இடம் தர முடியாது என்று மறுத்தவர்கள் மும்பை முஸ்லிம்கள். அன்றிரவு ஒலிபெருக்கியில் எச்சரித்துப் பயணிகளை வெளியேற்றிய ரயில்வே ஊழியர் விஷ்ணு ஜெண்டே, யாருடைய மதத்தையும் கேட்டுக்கொண்டு அறிவிக்கவில்லை. இதையெல்லாம் எந்த வகுப்பில் சொன்னார்கள்?

2006 ஜூலை 11 ரயில் குண்டுவெடிப்புகளையும் எண்ணிப் பாருங்கள். மேற்கு ரயில்வேயின் புறநகர் வண்டிகளில் ஏழு குண்டுகள் வெடித்தன. 180 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். 2015இல் தனி நீதிமன்றம் 12 பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 5 பேருக்குத் தூக்குத் தண்டனை. 2025 ஜூலை 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் 12 பேரையும் விடுவித்தது. அதற்குள் ஒருவர் கைதியாகவே இறந்துபோயிருந்தார். அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. பத்தொன்பது ஆண்டு ஆராய்ந்த பிறகும் ஒரு நீதிமன்றத்தின் முடிவை இன்னொரு நீதிமன்றம் மாற்றுகிறது. ஆனால் வகுப்பறையில், வருகைப் பதிவேட்டில் உள்ள பெயரை மட்டும் வைத்து ஒரு நொடியில் தீர்ப்பு எழுதிவிடுகிறோமே, இது நியாயமா?

கொலை செய்தவன் குற்றவாளி. ஏவியவன் குற்றவாளி. அவர்கள் பேசும் மொழியைப் பேசுகிறவனும், தொழும் திசையில் தொழுகிறவனும் குற்றவாளிகள் அல்ல. 1991இல் நமக்காக இதைச் சொல்ல ஆளில்லையே என்று ஏங்கினோம். இன்று மற்றவருக்காக நாம் சொல்லாவிட்டால் அந்த ஏக்கத்துக்கு என்ன பொருள்?

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளையை இப்படிக் கூப்பிடும்போது அந்த இடத்திலேயே பாடத்தை நிறுத்துங்கள். அது தவறு என்று வகுப்பு முழுவதும் கேட்கச் சொல்லுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. கேலி செய்த பிள்ளையை அடிக்காதீர்கள். அந்தச் சொல்லை எங்கே கற்றாய் என்று கேளுங்கள். பெரும்பாலும் விடை நம் வீட்டுத் திண்ணையிலேயே கிடைக்கும்.

இரண்டு பையன்களின் தகப்பன்மாரையும் சங்கத்துக்கு அழைத்துப் பேசினோம். வருகிற திங்கட்கிழமை இருவரும் சேர்ந்தே பள்ளிக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சங்கத்தின் சார்பில் நாமும் உடன் செல்வோம்.