ட்ராக்கில் இன்சூரன்ஸ் கிடையாது, இஎம்ஐ மட்டும் உண்டு: பழைய பெர்ஃபார்மன்ஸ் கார் வாங்கும் முன் ஒரு கணக்கு



"செகண்ட் ஹேண்ட்ல ஒரு வேகமான கார் பார்த்து வச்சிருக்கேன். வாரம் முழுக்க ஆபீஸ் போக, வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல ஓட்ட. விலை ஒன்பது லட்சம். லோன் போடலாமா?"

மகிந்திரா சிட்டியிலும் சிறுசேரியிலும் வேலை பார்க்கிற தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. எந்த கார் நல்ல கார்னு சொல்ல நிறைய பேர் இருக்காங்க. நான் ஒரு சிஏ. அதனால யாரும் போடாத கணக்கைப் போட்டுக் காட்டுறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ட்ராக்ல இறக்கப்போற காரை லோன்ல வாங்காதீங்க. அந்த கார் ஒரே நாள்ல முழுசா போனாலும் உங்க வீட்டுச் செலவு, சேமிப்பு, ஊருக்கு அனுப்புற பணம் எதுவும் ஆடக்கூடாது. அந்த அளவு விலையில்தான் கார் இருக்கணும். ஏன்னு பார்க்கலாம்.

பாலிசியில ஒரு வரி

உங்க கார் இன்சூரன்ஸ் பாலிசியைத் திறந்து, வண்டியை எதுக்கெல்லாம் பயன்படுத்தலாம், எதுக்குக் கூடாதுன்னு சொல்ற பகுதியைப் படிங்க. கூடாதவை பட்டியல்ல வாடகைக்கு ஓட்டுறது இருக்கும். அதே பட்டியல்ல ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, வண்டியின் உறுதியைச் சோதிக்கும் ஓட்டம் இதெல்லாமும் இருக்கும். இந்தியாவுல தனியார் கார்களுக்கான வழக்கமான பாலிசி வாசகம் இதுதான். பம்பர் டு பம்பர் போட்டிருந்தாலும் இந்த வரி மாறாது.

"ட்ராக் டே பந்தயம் இல்லையே, பரிசு கூட கிடையாதே"ன்னு வாதாடலாம். ஆனா வேகச் சோதனையும் அதே வரியில் இருக்கு. ட்ராக்ல நுழையும்போது பொறுப்பு முழுக்க என்னுடையதுன்னு கையெழுத்தும் போடுவீங்க. கிளெய்ம் வரும்னு நம்பிக் கணக்கு போடாதீங்க, பூஜ்யம்னு போடுங்க. ட்ராக்ல அடிபட்ட காரை ரோட்ல அடிபட்டதா சொல்லிக் கிளெய்ம் பண்ணலாம்னு யாராவது சொன்னா, அது மோசடி. போலீஸ் கேஸ் வரைக்கும் போகும்.

உங்க உடம்புக்கான பாலிசியையும் பாருங்க. ஹெல்த் இன்சூரன்ஸ்ல உள்ள பொதுவான விலக்கு, ஆபத்தான விளையாட்டுகள்ல *தொழில்முறையா* கலந்துக்கிறவங்களைக் குறிக்குது. மோட்டார் ரேஸும் அந்தப் பட்டியல்ல இருக்கு. பொழுதுபோக்கா ஓட்டுறவருக்கு அந்த வார்த்தை சாதகம். ஆனா தனிநபர் விபத்து பாலிசி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். "நான் ட்ராக் டேக்குப் போறேன், கவர் உண்டா?"ன்னு ஈமெயில்ல கேட்டு, பதிலை எழுத்துல வாங்கி வச்சுக்குங்க. போன்ல சொன்ன பதில் செல்லாது.

கணக்கு இதோ

கைக்கு வரும் சம்பளம் 75,000 ரூபாய்னு வச்சுக்குவோம். கார் விலை 9 லட்சம். கையிலிருந்து 2 லட்சம், மிச்சம் 7 லட்சம் லோன். பழைய கார் லோனுக்கு வட்டி புது காரைவிடக் கூடுதல், 13 சதவீதம்னு எடுத்துக்குவோம், 5 வருஷம்.

இஎம்ஐ சுமார் 15,930 ரூபாய். மொத்தமா கட்டும் வட்டி சுமார் 2.56 லட்சம். இது வரைக்கும் எல்லா ஆப்பும் காட்டும்.

இப்போ பன்னிரண்டாவது மாசம் ஒரு ட்ராக் டே. ஒரு வளைவுல பிரேக் லேட்டாயிடுச்சு, கார் தடுப்புல மோதி உருக்குலைஞ்சிடுச்சு. உங்களுக்கு ஒண்ணும் ஆகலை, அது முக்கியம். ஆனா பேங்க்ல அசல் இன்னும் சுமார் 5.94 லட்சம் பாக்கி. 48 இஎம்ஐ கட்டணும், அதாவது 7.6 லட்சத்துக்கும் மேல. ஓட்டக் கார் இல்லை. ஆபீஸுக்கு செங்கல்பட்டு வந்து மின்சார ரயில் பிடிக்கிறீங்க, மாசம் அஞ்சாம் தேதி இஎம்ஐ போகுது. நிறுத்தினா சிபில் ஸ்கோர் அடிபடும். நாலு வருஷம் கழிச்சு வீட்டு லோன் கேட்கும்போது அது முன்னாடி வந்து நிக்கும்.

வருமான வரியிலும் ஆறுதல் இல்லை. சொந்த உபயோகத்துக்கான கார், வரிச் சட்டப்படி மூலதனச் சொத்து கிடையாது. அதுல வந்த நஷ்டத்தை வேற எந்த லாபத்தோடும் கழிச்சுக்க முடியாது. சம்பளக்காரருக்குப் பெட்ரோல் கார் லோன் வட்டிக்கும் கழிவு இல்லை.

அப்போ எவ்வளவுக்கு வாங்கலாம்? இதே ஆளுக்கு சேமிப்பு 6 லட்சம்னு வைங்க. ஊருக்கு அனுப்புறது உட்பட மாசச் செலவு 40,000. ஆறு மாசச் செலவு 2.4 லட்சத்தைத் தனியா எடுத்து வைங்க, அதைத் தொடவே கூடாது. அடுத்த ரெண்டு வருஷத்துல வீட்ல தெரிஞ்ச செலவு, தங்கச்சி படிப்போ அப்பா கண் ஆபரேஷனோ, 60,000னு வைங்க. மிச்சம் 3 லட்சம். அதுல கால்வாசியை டயர், பிரேக், ரிப்பேருக்கு ஒதுக்குங்க. கார் விலை 2.25 லட்சம்.

ஒன்பது லட்சத்துல ஆரம்பிச்சு ரெண்டேகால்ல வந்து நிக்குது. கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா ட்ராக்ல இன்சூரன்ஸ் இல்லாத ஒரு மனுஷனுக்கு நேர்மையான பட்ஜெட் இதுதான்.

சின்ன கார் கேவலம் இல்லை

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போட இருங்காட்டுக்கோட்டை ட்ராக் 1990-ல திறந்தது. அதுக்கு முன்னாடி சோழவரம் பழைய விமான ஓடுதளத்துலதான் பந்தயம் நடக்கும். இப்போதைய ட்ராக் ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். அங்க புதுசா போறவருக்கு நேரத்தைக் குறைக்கிறது எஞ்சின் சக்தி இல்லை. எங்க பிரேக் பிடிக்கணும், வளைவுல எங்க திரும்பணும்ங்கிற பழக்கம்தான். எடை குறைஞ்ச கார்ல டயரும் பிரேக்கும் மெதுவா தேயும், தப்பு பண்ணா அடியும் கம்மி.

நம்ம பக்கத்துலயே ஒரு நல்ல உதாரணம் இருக்கு. படாளத்துல இருந்து சென்னை போற வழியில மறைமலை நகர்ல ஃபோர்டு தொழிற்சாலை. அங்க செஞ்ச பழைய ஃபியஸ்டா 1.6 பெட்ரோல் 101 பிஎஸ், ஸ்டியரிங்குக்காகவே இன்னும் தேடி வாங்குறாங்க. ஆனா ஃபோர்டு 2021 செப்டம்பர்ல இந்தியாவுல உற்பத்தியை நிறுத்துறதா அறிவிச்சது. பார்ட்ஸ் எங்க கிடைக்கும்னு விசாரிச்சுட்டு வாங்குங்க. பல ஃபியஸ்டாவுக்கு 15 வருஷம் முடிஞ்சிருக்கும். ஆர்டிஓ பரிசோதனையில தேறினா ஆர்சியை 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். தேறாத வண்டின்னா நீங்க கொடுத்த காசு போச்சு.

பழைய ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோலுக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு டன்னுக்குக் கீழே எடை, எந்த ஊர்லயும் பார்ட்ஸ், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். ட்ராக் கத்துக்க இதைவிட மலிவான வாத்தியார் இல்லை.

சேமிப்பு அதிகமா இருக்கிறவங்களுக்கு அடுத்த படி. போலோ ஜிடி டிஎஸ்ஐ 1.2, 105 பிஎஸ், நல்ல கார். ஆனா அந்த 7 ஸ்பீடு டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் கெட்டா செலவு பெருசு. கியர்பாக்ஸ் வேலை பார்த்த பில் இருக்கான்னு கேளுங்க. போலோ உற்பத்தி 2022-ல நின்னுடுச்சு. ஐ20 என் லைன் 2021-ல வந்தது, 120 பிஎஸ். அதைச் செய்யுற ஹூண்டாய் தொழிற்சாலையும் இருங்காட்டுக்கோட்டையில்தான். இன்னும் மேல போனா ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245. 2020-ல இந்தியாவுக்கு 200 கார்தான் வந்தது, ஷோரூம் விலை 35.99 லட்சம். இப்போ பாதி விலைக்குக் கிடைச்சாலும் டயர், பிரேக், பார்ட்ஸ் எல்லாம் முப்பத்தாறு லட்ச ரூபாய் காரோட விலையிலதான் வரும். விலை குறையுறது காருக்கு மட்டும், பராமரிப்புக்கு இல்லை.

பேப்பர்ல பார்க்க வேண்டியது

பாண்டிச்சேரி நம்பர் கார் மலிவா தெரியும். நம்ம ஈசிஆர் பக்கம் அப்படி நிறைய ஓடுது. ஆனா 12 மாசத்துக்கு மேல தமிழ்நாட்டுல வச்சிருந்தா இங்க மறுபதிவு பண்ணணும். அங்கிருந்து என்ஓசி, இங்க வயசுக்கேத்த ஆயுள் வரி. அதையும் விலையில சேர்த்துப் பாருங்க.

ஆர்சியில பேங்க் பேர் இருந்தா, லோன் அடைச்ச சான்றும் ஃபார்ம் 35-ம் இல்லாம முழுப் பணம் கொடுக்காதீங்க. பேர் மாத்த ஃபார்ம் 29, 30. பழைய சலான் பாக்கி இருக்கான்னு ஆன்லைன்ல பாருங்க.

பேர் மாறின 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸையும் உங்க பேருக்கு மாத்துங்க. விக்கிறவர் "50 சதவீதம் என்சிபி இருக்கு"ன்னு சொல்லி விலை ஏத்தினா ஏமாறாதீங்க. நோ கிளெய்ம் போனஸ் ஆளுக்குச் சொந்தம், காருக்கு இல்லை. உங்களுக்கு வராது.

தனிநபர் கிட்ட வாங்கினா ஜிஎஸ்டி கிடையாது. பதிவு செஞ்ச டீலர், 2025 ஜனவரியில இருந்து அவரோட லாபத்துக்கு மட்டும் 18 சதவீதம் கட்டணும். முழு விலைக்கும் 18 சதவீதம் கேட்டா எழுந்து வந்துடுங்க. 2025 செப்டம்பர் 22-ல சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமா குறைஞ்சது. அதுக்கு முன்னாடி வாங்கின பில்லைக் காட்டி "அப்பவே இவ்வளவு கொடுத்தேன்"னு சொன்னா, இன்னைக்குப் புது கார் விலையை வச்சுப் பேசுங்க.

கார்ல பார்க்க வேண்டியது

சென்னையில 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்லயும் எத்தனையோ கார் தண்ணியில நின்னுது. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க, அடியில சேறு படிஞ்ச தடம் இருக்கான்னு பாருங்க. டிக்கியில ஸ்டெப்னியைத் தூக்கி, அடியில துரு இருக்கான்னு பாருங்க.

டயர் பக்கவாட்டுல நாலு இலக்க எண் இருக்கும். 2319-ன்னா 2019-ம் வருஷம் 23-வது வாரம். டயர் ஓரம் மட்டும் உருகித் தேஞ்சிருந்தா, டிஸ்க் நீலம் பூத்திருந்தா, கார் ஏற்கனவே வேகமா ஓடியிருக்கு. அது குத்தமில்லை, மறைச்சா குத்தம். எஞ்சின் ரீமேப் பண்ணியிருக்காங்களான்னு ஸ்கேனர் போட்டுக் கேளுங்க. சொல்லாம செஞ்ச மாற்றம், ரோட்ல நடந்த விபத்துக்கும் கிளெய்மைச் சிக்கலாக்கும். பானட் உள்ள வெல்டிங் பண்ண அடையாளம் இருந்தா வேண்டாம்.

வாங்கின உடனே பிரேக் ஆயில் மாத்துங்க. டாட் 4 புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் உறிஞ்சி பழசானா அந்த வரம்பு 155 டிகிரி வரைக்கும் இறங்கும். ட்ராக்ல பெடல் தரை வரைக்கும் போறது பெரும்பாலும் இதனாலதான்.

ரோடு ட்ராக் இல்லை

"அப்போ ட்ராக் வேண்டாம், ராத்திரி ஜிஎஸ்டி ரோட்ல ஒரு மிதி மிதிச்சுப் பார்த்துக்கறேன்"னு ஒருத்தர் நினைக்கலாம். எங்க படாளம் கூட்டு ரோட்டை யோசிச்சுப் பாருங்க. ஆலை ஓடுற மாசங்கள்ல சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏத்தின டிராக்டர் திரும்பும், பல வண்டிக்குப் பின் விளக்கே இருக்காது. வேடந்தாங்கல் சீசன்ல வழி தெரியாத வண்டிகள் திடீர்னு பிரேக் போடும். எக்ஸ்எல்ல ரெண்டு பிள்ளைகளை ஏத்திக்கிட்டு ஒருத்தர் குறுக்க வருவார். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வேகம் எடுக்கிற கார்க்கு இவங்க யாருமே தெரிய மாட்டாங்க. பொது ரோட்ல ரேஸ் ஓட்டினா மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவுப்படி முதல் தடவைக்கே 3 மாசம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். ஆனா அந்த எக்ஸ்எல்காரரோட கணக்கை எந்தப் பிரிவும் நேராக்காது.

அதனால ட்ராக்குக்குப் போங்கன்னுதான் நானும் சொல்றேன். முதல் வருஷம் உங்க காரை எடுத்துட்டுப் போகாதீங்க. ரேஸிங் பயிற்சி தர்ற இடங்கள்ல அவங்க காரிலேயே ஓட்டக் கத்துத் தராங்க. கட்டணம் அதிகமாத் தெரியும். அதைக் கட்டுற முன்னாடி, வண்டி சேதமானா உங்க பங்கு எவ்வளவுன்னு மட்டும் எழுத்துல கேட்டுக்குங்க. ரெண்டு நாள் ஓட்டின பிறகும் ஆசை குறையலைன்னா, மேல சொன்ன கணக்கை உங்க எண்களை வச்சுப் போட்டு, வர்ற தொகைக்குக் கார் தேடுங்க.

இன்னைக்கு ராத்திரி செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. உங்க இன்சூரன்ஸ் பாலிசி பிடிஎஃப்பைத் திறந்து, கூடாதவை பட்டியலை ஒரு தடவை முழுசா படிங்க. அஞ்சு நிமிஷம்தான் ஆகும்.