கம்பை விற்று மைதா வாங்குகிறோம்

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நம்ம பக்கத்துல எல்லாருக்கும் பெருமைதான். ஆனால் அதே கரிசலில் விளையும் கம்பு? களத்துமேட்டிலேயே மூட்டையாக வியாபாரியிடம் போய்விடுகிறது. சாயங்காலம் டீக்கு நம் பேரப்பிள்ளைகள் தொட்டுக்கொள்வது மைதா பிஸ்கட்.

2023-ஐ சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்த பிறகு, 'சிறுதானிய பிஸ்கட்' என்று பெரிய எழுத்தில் போட்ட பாக்கெட்டுகள் வந்துவிட்டன. திருப்பிப் பாருங்கள். எடையில் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். பல பாக்கெட்டுகளில் முதலில் நிற்பது மைதாவோ கோதுமையோதான். கம்பு எங்கோ பின்னால் கிடக்கிறது.

கம்பெனிக்காரனைத் திட்டி என்ன செய்ய? கம்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு கொழுப்பு. அரைத்த மாவு சில நாளிலேயே கசக்க ஆரம்பிக்கும். மாவை அடுக்கி வைக்கிற ஆலைக்கு அது தலைவலி. நமக்கு அப்படியில்லை, காலையில் அரைத்தால் மாலையில் சுட்டுவிடலாம். இந்த விஷயத்தில் வீட்டு அடுப்புதான் ஆலையை ஜெயிக்கும்.

பழைய நெய் பிஸ்கட், அதாவது வடக்கே நான்கட்டாய் என்பார்களே, அதுதான் கம்புக்கு ரொம்பப் பொருத்தம். மாவில் பசை இழுத்தால் அந்த பிஸ்கட் கெட்டியாகிவிடும். கம்பில் அந்தப் பசையே கிடையாது. ரொட்டிக்கு அது குறை, இதற்கு அதுவே வசதி.

வறுத்து அரைத்துச் சலித்த கம்பு மாவு 200 கிராம், கடலைமாவு இரண்டு கரண்டி, துருவி உலர்த்திய உடன்குடிக் கருப்பட்டி 100 கிராம், நெய் 100 கிராம், கொஞ்சம் சுக்கு, ஒரு சிட்டிகை சோடா உப்பு. அழுத்திப் பிசையாமல் திரட்டி உருட்ட வேண்டும். அடி கனமான சட்டியில் மணல் பரப்பி, மூடி, பத்து நிமிடம் காயவிட்டு, உள்ளே தட்டை வைத்து இளந்தீயில் இருபது நிமிடம். ஆறும் வரை தொடக்கூடாது. சூட்டில் எடுத்தால் உதிர்ந்து போகும்.

"பிஸ்கட்டெல்லாம் வெள்ளக்காரன் பண்டம்லா அண்ணாச்சி, கம்பு உருண்டை போதாதா?" என்று கேட்கிறார்கள். உருண்டை இருக்கட்டும். ஆனால் டீயும் பிஸ்கட்டும் நம் வீட்டுக்குள் வந்து எத்தனை காலமாச்சு! அதைத் துரத்த முடியாது, மாவை மாற்றலாம். ஒன்று மட்டும்: கருப்பட்டி போட்டதால் சர்க்கரை நோய்க்கு நல்லது என்று யாரும் சொல்லி விற்காதீர்கள். இனிப்பு இனிப்புதான்.

நான் வங்கியில் இருந்தபோது 'மதிப்புக்கூட்டல்' என்று வரும் கடன் மனுக்களில் முதல் வரியிலேயே மெஷின் விலை இருக்கும். அதைச் செய்கிறவர் வீட்டில் அந்தப் பண்டத்தைத் தின்கிறார்களா என்பது எந்தப் பக்கத்திலும் இருக்காது. விற்பனையும் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு வருஷம் தின்னட்டும்.

மக்காச்சோளம் வந்த பிறகு கம்பையே மறந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். வருகிற புரட்டாசியில் ஓரமாக அரைக் குறுக்கம் நாட்டுக்கம்பு விதைத்தால், தை மாசம் பிஸ்கட்டுக்கும் ஆச்சி கேட்கிற கூழுக்கும் வீட்டிலேயே தானியம் இருக்கும்.