மைக்செட் வேலைக்கு லோன் போட்டுப் படிக்கணுமா?

லைவ் கச்சேரிக்கு சவுண்ட் இன்ஜினியர் ஆகணும்னு மல்லாங்கிணறுல இருந்து சென்னைக்குக் கிளம்ப நினைக்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒண்ணு சொல்றேன். ஆசை சரிதான். கடன் வாங்குற நேரம்தான் தப்பு.

தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில ஒலி சம்பந்தமான பட்டப்படிப்பு இருக்கு, ஆனா அது சினிமாவை நோக்கிய படிப்பு. சீட் கிடைக்காதவங்க தனியார் டிப்ளமோவுக்குப் போறாங்க. அங்கீகாரம் இல்லாத கோர்ஸுக்கு கல்விக்கடன் கிடைக்கிறது கஷ்டம். அப்புறம்? பர்சனல் லோன்தான்.

3 லட்சம், 12% வட்டி, 3 வருஷம்னு வச்சுக்குங்க. இ.எம்.ஐ. மாசம் கிட்டத்தட்ட 9,960 ரூபாய். படிச்சு முடிக்கிற வரைக்கும் இது காத்திருக்காது, அடுத்த மாசமே ஆரம்பிச்சிடும். அப்பா பட்டாசு ஆலையில வேலை பார்த்தா, ஆலை மூடுற மாசத்துல அதை யார் கட்டுறது?

வேலை கிடைச்சாலும் வருமானம் சீசன் வருமானம்தான். விருதுநகர் பங்குனிப் பொங்கல், இருக்கன்குடி ஆடித் திருவிழான்னு சில வாரம் தூக்கமே இருக்காது. மார்கழியில கல்யாணமே கிடையாது. 2020-ல பங்குனி நேரத்துலதான், மார்ச் 25-ம் தேதி, ஊரடங்கு வந்துச்சு. அந்த சீசன் மொத்தமா போச்சு. ஆறு மாச வீட்டுச் செலவைக் கையில வச்சுக்காம இந்தத் தொழிலுக்கு வராதீங்க.

அதனால முதல்ல உள்ளூர் மைக்செட்காரர்கிட்ட ஒரு வருஷம் போங்க. சம்பளம் கம்மியாத்தான் இருக்கும், பரவாயில்ல. தவில் சத்தத்துல நாதஸ்வரம் அமுங்காம எங்க மைக் வைக்கணும், ஜெனரேட்டருக்கு எர்த் எப்படிக் குடுக்கணும், மைக் கூவுனா எந்த பேண்டைக் குறைக்கணும்... இதெல்லாம் திறந்தவெளியில நின்னாத்தான் புரியும். அதுக்கப்புறம் கோர்ஸுக்குப் போனா, வாத்தியார்கிட்ட என்ன கேக்கணும்னு உங்களுக்கே தெரியும். சொந்தமா பாக்ஸ், ஆம்ப்ளி வாங்குற நினைப்பை இப்போதைக்குத் தள்ளி வைங்க. ஆர்டர் இல்லாத மாசமும் அதுக்கு இ.எம்.ஐ. கட்டணும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்றதில்ல. 85 டெசிபல் சத்தத்துல 8 மணி நேரம் இருக்கலாம்னா, 100 டெசிபல்ல 15 நிமிஷம்தான். போன காது திரும்பி வராது. இந்தத் தொழில்ல காதுதானே முதல்! சில நூறு ரூபாய்க்கு நல்ல காதடைப்பான் கிடைக்குது. முதல் சம்பளத்துல மிக்சர் பார்க்கப் போறதுக்கு முன்னாடி அதை வாங்கிடுங்க.